பதினாறு பக்கம் பாக்கி

மாம்பலம் எக்ஸ்சேஞ்சில் இரவு ட்யூட்டி முடித்து
பன்னிரண்டு பி பிடித்து லஸ்ஸில் இறங்குவார் குணசுந்தரி.
கைப்பையில் டிபன் டப்பா.
டப்பாவுக்கு அடியில் கொலை.

"இந்த மாசம் எத்தனைம்மா?"
"தொண்ணூத்தாறு பக்கம். ரெண்டு பிணம்."
மூன்றாவதுக்குப் பேப்பர் விலை இடம் தராது
என்பார் கச்சேரி ரோடு முதலாளி.

நான் புரூப் பார்த்தவன்.
விஷத்துக்கு முன்னால் அவர் கமா போடுவதும்
செத்தான் என்று எழுதாமல்
லைன் அறுந்தது என்று எழுதுவதும்
எனக்குத்தான் முதலில் தெரியும்.
துப்பறியும் வேதமாணிக்கத்துக்கு இடது காது கேட்காது.
ஹெட்போன் மாட்டும் காது அது என்று
புரிய எனக்குப் பத்து நாவல் ஆயிற்று.

டிரங்க் கால் மூன்று நிமிடம்.
அதற்குள் ஒரு சாவு, ஒரு வரதட்சணை பேரம்,
அங்கே மழையா என்ற கேள்வி.
அவர் அத்தியாயங்களும் அந்த அளவுதான்.

சென்ட்ரல் ஸ்டேஷன் கடையில்
கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குவார்.
அரக்கோணத்தில் முதல் பிணம்,
காட்பாடியில் கைது,
ஜோலார்பேட்டையில் புத்தகம் சீட்டிலேயே கிடக்கும்.
முந்நூற்றைம்பது ரூபாய், பத்து காப்பி.
காப்பிகளைக் கட்டிலின் ஆடும் காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்தார் கணவர் தனராஜ்.

எண்பத்து நாலு தீபாவளிக்கு
இரண்டாயிரத்து இருபதை எழுதிக் கொடுத்தார்.
மவுண்ட் ரோடுக்குக் கீழே ரயில் ஓடியது.
மேலேயே ஒழுங்கா பஸ் ஓடல என்று முதலாளி சிரித்தார்.
ரயிலில் கண்டக்டர் இருந்தார்,
எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தார்.
கூவத்தில் பையன்கள் முங்கிக் குளித்தார்கள்.
சட்டைப் பையில் அடங்கும் டெலிபோன்,
அதற்கு ஒரு சுருட்டை ஒயர்.

ஒயர் எங்கேம்மா போகும்?
மார்ஜினில் கேட்டேன்.
பச்சை மையில் பதில் வந்தது:
எங்கயாவது ஒருத்தி உட்கார்ந்திருப்பா இல்ல, அவகிட்ட.

பிறகு எஸ்.டி.டி. வந்தது.
பொத்தானை அமுக்கினால் மதுரை, பொத்தானை அமுக்கினால் பம்பாய்.
அவரை பில்லிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.
யார் யாரோடு பேசினார்கள் என்று தெரியும்,
என்ன பேசினார்கள் என்று தெரியாது.
பிணங்கள் ஒன்றாகக் குறைந்தன.

நூற்று நாற்பத்து மூன்றாவது நாவலுக்கு
ஐந்து ஃபாரம் வந்தது.
அட்டை அடித்தாகிவிட்டது, ரத்தச் சிவப்பில் கத்தி.
ஆறாவது வரவில்லை.
சூளைமேட்டு வீட்டுக்குப் போனேன்.
அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரியலையாம்மா?"
"தெரியாம என்ன?
ராத்திரி பூரா அவன் பேசறதைக் கேட்டுட்டு இருந்தேன்.
பிடிச்சுக் குடுக்க மனசு வரல."
நாரை முறத்தின் ஓரம் ஒதுக்கினார்.
"டீ குடிக்கிறியா?"

முதலாளி என்னையே எழுதச் சொன்னார்.
ஒரே ராத்திரி, பதினாறு பக்கம்.
வாட்ச்மேனைப் பிடித்துக் கொடுத்தேன்.
கைக்கு எட்டியவன் அவன்தான்.
அவனுக்காகக் கேட்க அந்தக் கதையில் ஆளும் இல்லை.
அரக்கோணம் கேட்கவில்லை, காட்பாடி கேட்கவில்லை.

ஒரே ஒரு கார்டு வந்தது, பச்சை மையில்:
வாட்ச்மேன் அன்னிக்கு லீவு. பக்கம் நாற்பத்தொன்று.

அதற்குப் பின் அவர் எழுதவில்லை.
தொண்ணூற்றாறில், காலையில்,
ரேஷன் கடை வரிசையில்
லைன் அறுந்தது.

ஆயிரம் விளக்கைத் தாண்டி
அவருடைய ரயிலில் போகிறேன்.
கண்டக்டர் இல்லை. ஏசி பல்லைக் கிட்டுகிறது.
பெட்டி முழுக்க ஒயரில்லாமல் பேசுகிறார்கள்,
அம்மாவிடம், கடன் கொடுத்தவனிடம்.
ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
ஹலோ ஹலோ என்கிறாள்,
பிறகு போனைப் பார்க்கிறாள்.

மடியில் நாற்பத்தொன்றாம் பக்கம்.
லீவு என்று நானே திருத்தியிருக்கிறேன்.
அவர் லிவு என்று எழுதியிருந்தார்.